சிஸ்டர் உரக்கப் படித்த எண்

என் வாயில் சொந்தப் பல் என்று மிச்சமிருப்பது இரண்டுதான். அந்த இரண்டின் மேலும் ஆணையாகச் சொல்கிறேன் ஐயா, இதில் நான் எழுதப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மற்றவை கட்டின பல். அவற்றின் மேல் சத்தியம் செய்வது முறையில்லை.

முதலில் டீக்கு நன்றி. ஸ்டேஷன் டீ என்றால் நிறம் மாறிய வெந்நீர் என்று கேள்விப்பட்டிருந்தேன். நீங்கள் கொடுத்தது டீயாகவே இருந்தது. ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டீர்கள். "நடந்ததை உங்க கையாலயே எழுதிக் கொடுங்க பெரியவரே, அவசரமில்ல" என்றீர்கள். எனக்கு என்ன அவசரம். என் எதிரில் ஒருவர் உட்கார்ந்து, நான் சொல்வதை முழுசாகக் கேட்டு வெகுநாள் ஆகிறது. நீங்கள் கேட்டீர்கள். நடுவில் கொட்டாவி விட்டீர்கள், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நான் மின்விசிறிக் கம்பெனியில் வேலை பார்த்தவன். விசிறி செய்யத் தெரியாது. புகார்ப் பிரிவில் பதில் எழுதுவேன். எழுதுவது நான், கையெழுத்து மேலாளருடையது. மேலாளர் நேரில் சிடுமூஞ்சி. கடிதத்தில் தங்கமான மனுஷர், என் உபயத்தில். ஒருவர், விசிறி சுற்றிய வேகத்தில் சுவர்க் காலண்டர் இரண்டு மாதம் முன்னால் போய்விட்டது என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு மாதச் சம்பளத்தை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுமாறு மேலாளர் அன்போடு பதில் போட்டார். விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை என்று ஒரு அம்மா வருத்தப்பட்டிருந்தார். அவருக்கு மேலாளர் மூன்று பக்கம் எழுதினார். மேலாளர் ஓய்வு பெற்ற அன்று அந்த அம்மா தேடிவந்து, "உங்க கடிதத்தைப் படிச்சுத்தான் சார் அந்தக் கோடையைத் தாண்டினேன்" என்று கண்கலங்கினார். எதற்கு என்று தெரியாமலே மேலாளரும் கண்கலங்கினார். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்னொருவர் பெயரில் எழுதுவது எனக்குத் தப்பாகவே பட்டதில்லை. அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

நான் இருப்பது மூன்றாவது மாடி. லிப்ட் பெரும்பாலும் இரண்டரையாவது மாடியில் நிற்கும். தாழ்வாரத்தில் எதிரெதிராக இரண்டே கதவு. ஒன்று என்னுடையது, மற்றது சிஸ்டருடையது. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடம் முழுக்க அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் என்னை அண்ணா என்பார். சேர்த்துப் பார்த்தால் கூடப் பிறந்தவர்கள் என்று கணக்கு வரும். எனக்கு வேறு சொந்தம் கிடையாது, அதனால் அந்தக் கணக்கை நான் திருத்தவில்லை.

சாயங்காலம் ஆனால் சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினோடு என் கதவைத் தட்டுவார். தாழ்வாரத்திலேயே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொள்வோம்.

"கையை நீட்டுங்கண்ணா. பேசாம இருங்க. நீங்க வாயைத் திறந்தா மெஷினே பயப்படுது."

"எவ்வளவு சிஸ்டர்?"

"நூத்தி முப்பத்தி எட்டு, தொண்ணூறு. நூத்தி முப்பத்தி எட்டு, தொண்ணூறு. பிரஷர் பரவாயில்ல. வாய்க்கொழுப்புதான் ஜாஸ்தி. அதுக்கு மாத்திரை இன்னும் வரல."

இரண்டு தடவை சொன்னதைக் கவனித்தீர்களா ஐயா? நான் கூட்டி எழுதவில்லை. அது அவர் தொழில் பழக்கம். ஆஸ்பத்திரியில் எந்த எண்ணைப் பார்த்தாலும் உரக்கப் படிக்க வேண்டும், டாக்டர் காதில் விழுந்ததா என்று இன்னொரு தடவை படிக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. பஸ் நம்பர், கரண்ட் பில், லிப்ட் நின்ற மாடி, எதுவானாலும் இரண்டு தடவை உரக்க வரும். யார் எண் கேட்டாலும் எதற்கு என்று கேட்க மாட்டார். அவர் வேலை பார்த்த இடத்தில் எண் கேட்டவர்கள் எல்லாம் உயிரைக் காப்பாற்றக் கேட்டவர்கள்.

அந்த மெஷினைக் கட்டுவதற்கு முன்னால் என் மணிக்கட்டை விரலால் ஒரு தரம் பிடித்துப் பார்ப்பார். மெஷின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த நாளில் வேறு யாரும் என்னைத் தொட மாட்டார்கள். அந்த மாதத்திலும்.

அவருக்கு ஒரே மகன். கப்பலில் இன்ஜினியர். துறைமுகத்துக்கு ஒரு போன் நம்பர் மாறும். மாறாமல் இருந்தது சமூக வலைத்தளத்தில் அவர் வைத்திருந்த கணக்கு ஒன்றுதான். அதில்தான் அம்மாவுக்கு எழுதுவார். அதுவும் அளந்துதான். "அவங்கப்பா போனப்ப நடுக்கடல்ல இருந்தான். வர வழியில்லன்னு தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லிட்டேண்ணா" என்று சிஸ்டர் ஒருமுறை சொன்னார். என்ன வார்த்தை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் போனை என் கையில் கொடுத்தார். "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியுது. கொஞ்சம் பெரிசாக்கிக் குடுங்க. நீங்கதான் புகார்ப் பிரிவாச்சே."

பெரிசாக்கினேன். ஆக்கிய பிறகு முதலில் படித்தவனும் நானே. அப்போதுதான் வந்திருந்த செய்தி: "அம்மா, வீடு பாத்துட்டேன். கீழ்த்தளம்தான், நீ படி ஏற வேண்டாம். இனி கரைல நாம ஒண்ணா இருக்கலாம். டிக்கெட் போடட்டுமா?"

நல்ல மகன் ஐயா. நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

எதிர்க் கதவைப் பார்த்தேன். பித்தளைத் தாழ்ப்பாள். அதில் ஒரு பூட்டுத் தொங்கினால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். நன்றாக இல்லை. கணக்கிலிருந்து வெளியேறும் பொத்தானை அழுத்தினேன். "சிஸ்டர், கணக்கு திறக்க மாட்டேங்குது. கம்பெனியைக் கேக்கணும்" என்றேன்.

எப்படி உள்ளே போனேன் என்று கேட்டீர்கள். நீங்கள் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் சொல்ல உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். என் போனில் அவர் பெயரைப் போட்டு, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினேன். உடனே அவர் போனுக்கு ஒரு எண் வந்தது. அவ்வளவுதான் வித்தை. உலகத்தில் பாதிக் கணக்குகள் களவு போவது இப்படித்தான். பூட்டை யாரும் உடைப்பதில்லை, சாவியைக் கேட்டு வாங்குகிறார்கள்.

"சிஸ்டர், ஒரு எண் வந்திருக்கா பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெர்மாமீட்டரைப் பிடிப்பதுபோல் போனைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார். முதல் தடவை சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தடவைதான் பிடித்துக்கொண்டேன்.

"இத யாருக்கும் சொல்ல வேண்டாம்னு கீழ போட்டிருக்குண்ணா."

"ஆமா சிஸ்டர். யாருக்கும் சொல்லிடாதீங்க."

மகனுக்கு ஒரே ஒரு பதில்தான் போடுவதாக இருந்தேன். "இப்ப வேண்டாம்ப்பா. முழங்கால் சரியில்ல. அடுத்த வருஷம் பாக்கலாம்." "சரி, உன் இஷ்டம். உடம்பப் பாத்துக்கோ" என்று வந்தது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் பதில் போட்டால் பதில் வருகிறது. புகார்ப் பிரிவிலும் அதே தொல்லைதான்.

பிறகு கணக்கைப் பத்திரப்படுத்தினேன். சிஸ்டர் அதை எவ்வளவு அலட்சியமாக வைத்திருந்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பழைய கடவுச்சொல் மகன் பெயரும் பிறந்த வருடமும் என்று பிறகு அவரே சொன்னார். அதையே வங்கிக்கும், அதையே கரண்ட் பில்லுக்கும். ஒரு இடத்தில் கசிந்தால் வீடே முழுகும். நான் நீளமாக, யாராலும் யூகிக்க முடியாத ஒன்றைப் போட்டேன். இரண்டாவது பூட்டையும் போட்டேன், கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணும் கேட்கும்படியாக. எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் உள்ளே இருக்கும், அதில் என் போனைத் தவிர எல்லாவற்றையும் நீக்கினேன். கணக்கை மீட்கும் முகவரியையும் என்னுடையதாக மாற்றினேன். அதன் பிறகு அந்தக் கணக்கில் ஒரு ஈ நுழைந்ததில்லை.

மகன் நேரடியாக போன் செய்துவிடக்கூடாதே என்று சிஸ்டருக்குப் புது எண் வாங்கிக் கொடுத்தேன். பழைய எண்ணில் கிருமி பாய்ந்துவிட்டது என்றேன். கிருமி என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்ப உடனே கழட்டிடுங்க" என்றார். பழைய சிம் என்னிடம் இருந்தது. அதில் மணி அடித்தால் எடுக்க மாட்டேன். அம்மாவுக்கு என் குரல் பொருந்தாது. "காது சரியா கேக்கல, எழுதுப்பா" என்று எழுதிவிடுவேன்.

சிஸ்டர் ஒவ்வொரு சாயங்காலமும் கேட்பார், "கம்பெனியிலேர்ந்து ஏதாவது வந்துச்சாண்ணா?" தங்கள் புகார் எங்கள் மேலான கவனத்தில் உள்ளது என்று அழகாக ஒரு பதில் தயாரித்துப் படித்துக் காட்டினேன். பழைய கை, விடவில்லை. "எவ்வளவு மரியாதையா எழுதறாங்க" என்றார். அந்த வகையில் நாலைந்து பதில் வந்தது. எல்லாமே மரியாதையாகத்தான் வந்தது.

கொஞ்ச நாளில் கேள்வி மாறியது. "அவனும் ஒரு போன் பண்ணலயே." பிறகு அதுவும் குறைந்தது. "நான் சொன்ன வார்த்தைய மனசுல வச்சிருக்கான்போல" என்று மெஷினின் பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். நான் கையை நீட்டியபடி இருந்தேன். பேசினால் எண் ஏறும்.

அந்த மழைக்காலத்தில்தான் மகனிடம் நல்ல மாற்றம் வந்தது. அதுவரை நீ, வா, போ என்று ஒற்றை வரி எழுதியவர், மரியாதையாக நீங்க என்று எழுத ஆரம்பித்தார். ஒருமுறை அவசரமாகப் பணம் அனுப்பச் சொன்னார். பிள்ளைகள் கேட்பதுதானே. இல்லை என்று எழுதிவிட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டேன். நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தேன். பிறகு வந்தது: "இல்லை."

அதன் பிறகு பணம் கேட்டதே இல்லை. தினமும் காலையில், "அம்மா, சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா?" என்று வரும். வேலை பார்க்கும் இடத்தில் ஜன்னலே இல்லை என்று எழுதுவார். கப்பலின் அடிவயிறு அப்படித்தானே இருக்கும். வயிற்று வலி வருகிறது, கவனிக்க ஆள் இல்லை என்று எழுதுவார். நேரத்துக்குச் சாப்பிடு என்பேன். "சரி அம்மா." ஒருமுறை, "நீங்கள் இருப்பதால்தான் இருக்கிறேன்" என்று எழுதினார். அன்றைக்கு என் ரத்த அழுத்தம் நூற்றி இருபதுக்கு இறங்கியது. சிஸ்டருக்கு ஆச்சரியம். "என்னண்ணா, ஏதாவது நல்ல சேதியா?" என்றார். இல்லை என்றேன்.

பெற்ற தாயிடம்கூட அவர் இப்படிப் பேசியதில்லை. அம்மா, மகன் உறவை நான் கெடுத்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத் துலக்கி வைத்தேன் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் ஜாக்கிரதைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அடுத்த சில வாரங்களில் ஒரு போலி வந்தான். மகனின் அதே பெயர், அதே படம், புதிதாகத் திறந்த கணக்கு. "அம்மா, நான்தாம்மா. என் பழைய கணக்கு போயிடுச்சு. அதுலேர்ந்து எது வந்தாலும் நம்பாத" என்று எழுதினான். இந்தத் தந்திரம் எனக்குத் தெரியாதா ஐயா. படத்தை எடுத்து ஒட்டிக்கொண்டு சொந்தக்காரர்களை வளைக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. உடனே தடுத்தேன். நிறுவனத்துக்குப் புகாரும் கொடுத்தேன். இன்னொரு பெயரில் வந்தான், "அம்மா, ஏம்மா இப்படிப் பண்ற?" என்று. அதையும் தடுத்தேன். மூன்றாவது புகாரில் அவன் கணக்கையே மூடிவிட்டார்கள். என் வாழ்க்கையில் புகார் கொடுத்து நடவடிக்கை கிடைத்தது அந்த ஒரு தடவைதான். பழைய சிம்முக்கும் தெரியாத எண்களிலிருந்து விடாமல் அழைப்பு வந்தது. மோசடிக்காரர்களுக்கு விடாமுயற்சி அதிகம். சிம்மைக் கழற்றி வைத்துவிட்டேன்.

கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள். சொந்தக்காரர் பெயரில் எது வந்தாலும், வேறு வழியில் கூப்பிட்டு, குரலைக் கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும். நான் பின்பற்ற முடியாமல் போன அறிவுரை இது ஒன்றுதான்.

சிஸ்டருக்கு உடம்பு முடியாமல் போனது போன கோடையில். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள், அவர் மேய்த்த வார்டிலேயே. நான் தினமும் போனேன். அங்கே நர்சுகள் அவருடைய எண்களை மெல்லமாகப் படித்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. "உரக்கப் படிங்கடி, எனக்குத் தெரியாததா" என்றார்.

ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தார். நாடி பார்க்க இல்லை, சும்மா. "அண்ணா, கம்பெனி பதில் வந்து எதுவும் ஆகப்போறதில்ல. உங்க போன்லேர்ந்து எப்படியாவது அவனுக்கு ஒரு வார்த்தை அனுப்ப முடியுமா? ஒரு தடவ வந்துட்டுப் போடான்னு. அம்மாவுக்குக் கோபம் இல்லன்னு போடுங்க. கண்டிப்பா அதப் போடுங்க."

அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவும் செய்தேன். ஆனால் மேலாளர் வாயில் வந்ததை அப்படியே எழுதுகிறவன் புகார்ப் பிரிவில் நீடிக்க முடியாது. பதமாக மாற்ற வேண்டும். "இங்க நல்ல வெயில். லேசா சளி. கவலைப்படாதே" என்று எழுதினேன். மகன் வந்திருந்தால் அழைத்துப் போயிருப்பார். அந்த நிலையில் அவரால் பயணம் தாங்கியிருக்காது. ஒரு அண்ணன் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

பதில் உடனே வந்தது. "வெந்நீர் குடிங்க அம்மா. குடிச்சிட்டு எழுதுங்க."

பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, ஆற்றி, சிஸ்டர் வாயில் விட்டேன். இரண்டு மிடறு குடித்தார். யார் சொல்லிக் கொடுத்த வெந்நீர் என்று நான் சொல்லவில்லை. "குடிச்சிட்டேன்ப்பா" என்று எழுதினேன். அது பொய் இல்லை.

"அனுப்பிட்டீங்களாண்ணா?"

"அனுப்பிட்டேன் சிஸ்டர்."

"என்ன சொன்னான்?"

"கப்பல் கரைக்கு வந்ததும் கிளம்பறாராம்."

தலையை ஆட்டிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பிப் படுத்தார். கடைசிவரை அந்தப் பக்கமாகவே படுத்திருந்தார்.

மகனுக்கு நான் சொல்லவில்லை. வயிற்று வலிக்காரர், தூரத்தில் தனியாக இருக்கிறார், எதற்கு அவரைக் கலங்க வைப்பது. மறுநாள் காலையிலும், "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று வந்தது. "சாப்பிட்டேன்ப்பா" என்றேன். எதிர்க் கதவில் பூட்டுத் தொங்கியது. நான் நினைத்த மாதிரியேதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் கப்பல் கம்பெனியைத் தேடிப்பிடித்து மகனுக்குத் தெரிவித்திருக்கிறார்கள். ஒரு நாள் லிப்ட் இரண்டரையில் நின்று, மீதிப் படியை ஏறி அவர் வந்தார். பூட்டின் முன் பையோடு நின்றார். நான் கதவைத் திறந்தேன். அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கோ அவர் வயிறு வரை தெரியும்.

"நீங்கதான் எதிர்வீட்டுப் பெரியவரா? அம்மாவக் கூட இருந்து பாத்துக்கிட்டதா சொன்னாங்க. ரொம்ப நன்றிங்க" என்றார். பிறகு பூட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா என்னைய வேண்டவே வேண்டாம்னு ஒதுக்கிட்டாங்கன்னு நினைச்சேன். அந்த வீம்புலயே வராம இருந்துட்டேன்" என்றார். அவர் பார்த்த வீட்டுக்கு இப்போது வேண்டாம் என்று நான் எழுதியதைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஆள் இளைத்துப் போயிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"வயித்து வலி இப்ப தேவலையாப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "எனக்கு வயித்து வலியே வந்ததில்லையேங்க. யார் சொன்னது?"

கப்பல்காரர்கள் உடம்புக் கோளாறை வெளியே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "அம்மாதான் சொன்னாங்க" என்றேன். அவர் பையைக் கீழே வைத்தார். தாழ்வாரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னுடையதில் இல்லை, சிஸ்டருடையதில். "எந்த அம்மா?" என்று கேட்டார். நான் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனேன். அவர் எழுந்து உங்களிடம்தான் வந்தார்.

ஆக, கணக்கை எடுத்தது நான். எண்ணைக் கேட்டு வாங்கியது நான். பதில் எழுதியது நான். சிஸ்டர் சொன்ன வார்த்தையை அனுப்பாதது நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மகனிடமிருந்து அம்மாவை எடுத்துக்கொண்டேன் என்பதும் சரி. ஆனால் அவருக்கு ஒரு நாளாவது அம்மா இல்லாமல் போகவில்லை, அதைப் பார்த்துக்கொண்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் மேஜை மேல் என் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. காலைச் சாப்பாட்டைக் கேட்டிருப்பார். "சாப்பிட்டேன்" என்று யாராவது ஒரு வார்த்தை போட்டுவிட்டால் நல்லது.

சற்று முன் நீங்கள் சொன்னதையும் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டும் என்றீர்கள். அதை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். சேர்க்கிறேன்: அந்த மழைக்காலத்தில் மகன் ஒரு துறைமுகக் கடைக் கம்ப்யூட்டரில் தன் கணக்கை மூடாமல் எழுந்து போனதில் அது வேறு யார் கைக்கோ போய்விட்டது, அன்றிலிருந்து எனக்கு அம்மா என்று எழுதி வருவது யார் என்று உங்களுக்கே தெரியவில்லை, நான் மூன்று முறை புகார் கொடுத்து மூடவைத்த போலிதான் சிஸ்டரின் மகன்.